நிறுத்தத் தெரிந்த வண்டியே நல்ல வண்டி!

பிரேக் பேட், டிஸ்க் மாற்றப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீக்குச்சியைப் பெட்டியில் உரசினால் பற்றிக்கொள்ளும். இது சின்னஞ்சிறு பிள்ளைக்கும் தெரியும். உரசினால் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு குச்சியின் மருந்தைக் கொளுத்துகிறது.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது ஏழாயிரம்பண்ணை. தீப்பெட்டியும் பட்டாசும் அந்த வட்டாரத்துக்குச் சோறு போடும் தொழில்கள். உரசல் என்றால் என்ன என்று அந்த ஊராருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

அதே உரசல்தான் ஓடுகிற வண்டியையும் நிறுத்துகிறது!

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வட்டத் தட்டு சுற்றுகிறது. அதற்குப் பெயர் டிஸ்க். பிரேக்கை அழுத்தியதும் இரண்டு சிறு கட்டைகள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்வுகின்றன. அவற்றுக்குப் பெயர் பேட். கவ்வியதும் உரசல். உரசியதும் சூடு. வண்டி நிற்கிறது.

இந்தத் தட்டும் கட்டையும் இப்போது மோகப் பொருள்களாகிவிட்டன. புது மோட்டார் சைக்கிள் வாங்கிய சில மாதங்களிலேயே இளைஞர்கள் பலருக்கு ஓர் ஆசை வந்துவிடுகிறது. "கம்பெனி போட்டுக் கொடுத்த பிரேக் போதாது. பந்தயத்தில் போடுகிற பேட் வேண்டும். ஓட்டை போட்ட பெரிய டிஸ்க் வேண்டும்" என்கிறார்கள். செல்போனில் படம் பார்த்து, பணம் கட்டி, வீட்டுக்கே வரவழைக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ஆட்களையும் சரக்கையும் ஏற்றி நாள் முழுவதும் ஓடும் வேன்கள் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர், "இருப்பதிலேயே விலை குறைந்தது எது? அதைப் போடு" என்கிறார்கள்.

ஒருவர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார். மற்றவர் தேவைக்குக் கீழே செலவழிக்கிறார். இருவரில் யாருக்கு ஆபத்து?

இருவருக்கும்தான்!

வேகம் எங்கே போகிறது?

பிரேக் என்பது வேகத்தை விழுங்கும் கருவி அல்ல. வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் எளிதில் விளங்கும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு வேன், ஆட்களோடு சேர்த்து 3,000 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. குறுக்கே ஓர் ஆடு வருகிறது. டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துகிறார். அந்த ஒரே மிதியில் பிறக்கும் சூடு எவ்வளவு தெரியுமா? சுமார் 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு! சில விநாடிகளில் இத்தனை சூடும் டிஸ்கிலும் பேட்களிலும் ஏறிவிடுகிறது.

வேகம் கூடினால் சூடு அதே அளவில் கூடுவதில்லை. அதைவிட அதிகமாகக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதை ஒரு படி அரிசி என்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவது நான்கு படி அரிசி.

தூரமும் அப்படித்தான். நல்ல டயர், நல்ல தார்ச் சாலை, நல்ல பிரேக் எல்லாம் இருந்தாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டர் என்றால் 58 மீட்டர். ஆபத்தைக் கண்ணால் கண்டு, கையும் காலும் பிரேக்கைத் தொட ஆகும் ஒரு விநாடியும் இந்தக் கணக்கில் அடங்கும்.

அந்த ஒரு விநாடியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

செருப்புத் தைப்பவர் செய்த உதவி

பிரேக் கட்டைக்கு உறை போடும் வழக்கம் எப்படித் தொடங்கியது? அது சுவையான கதை.

1888-ம் ஆண்டு. ஜெர்மனி நாடு. மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கார்ல் பென்சின் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே காரில் புறப்பட்டார். மான்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அதுதான்.

வழியில் இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. அந்த அம்மையார் கலங்கவில்லை. செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கண்டுபிடித்தார். கட்டையின் மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். வண்டி நன்றாக நின்றது. பிரேக் லைனிங் பிறந்தது!

அதன் பிறகு 1902-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்கு உரிமை பதிவு செய்தார். அந்தக் காலத்தில் உலோகத்தோடு உலோகம் உரசிக் காது கிழிந்தது. எனவே அது பரவவில்லை. 1953-ல் பிரான்ஸ் நாட்டின் லெமான் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்றது. இருபத்துநான்கு மணி நேரம் ஓடும் பந்தயம் அது. மற்ற கார்களின் பிரேக்குகள் சூட்டில் சோர்ந்தபோது ஜாகுவாரின் பிரேக் சோரவில்லை. உலகம் விழித்துக்கொண்டது.

தமிழ்நாடும் இதில் பின்தங்கவில்லை. சென்னை பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து மயங்குகிறவர்கள், பிரேக் தொழில் நம் வீட்டு வாசலிலேயே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பேட்களில் எத்தனை வகை?

கடையில் போய் "நல்ல பேட் கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். பொதுவாக நான்கு வகைகள் உண்டு.

முதல் வகை, நார்களையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. இது மென்மையானது. சத்தம் போடாது. டிஸ்கைத் தின்னாது. காலையில் வண்டியை எடுத்ததும் முதல் பிடியிலேயே பிடிக்கும். ஆனால், சூடு மிஞ்சினால் சோர்ந்துவிடும். சீக்கிரம் தேயும்.

இரண்டாவது வகை, இரும்புத் தூளும் உருக்கு இழையும் கலந்தது. பாதி உலோகம் என்று சொல்லலாம். சூட்டைத் தாங்கும். சுமை ஏற்றும் வண்டிக்கு ஏற்றது. கொஞ்சம் சத்தம் வரும். டிஸ்க் சற்று வேகமாகத் தேயும்.

மூன்றாவது வகை, உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றி ஒன்றாகப் பிணைத்தது. 'சின்டர்டு' என்று கடைக்காரர் சொல்வார். மோட்டார் சைக்கிள்களில் இது அதிகம். மழையில் நனைந்தாலும் பிடிக்கும். சூட்டுக்கு அஞ்சாது. ஆனால் கடினமானது. இதைத் தாங்கும் டிஸ்க் உள்ள வண்டிக்குத்தான் போடலாம்.

நான்காவது வகை, பீங்கான் இழை கலந்தது. 'செராமிக்' என்று பெயர். கார்களுக்கு வருகிறது. சத்தமும் தூசியும் குறைவு. விலை அதிகம். சாதாரண ஓட்டத்துக்கு இதமானது. ஆனால், விலை அதிகம் என்பதால் பிடியும் அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு காலத்தில் லைனிங்குகளில் கல்நார் சேர்த்தார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. அமெரிக்காவும் 2024 மார்ச்சில் தடை விதித்தது. எனவே வாங்கும்போது, "கல்நார் இல்லாதது" என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வகையாக இருந்தாலும், பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது. பக்கத்தில் குழந்தைகளை நிற்க வைக்கவும் கூடாது.

பந்தயக் குதிரையும் வண்டி மாடும்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பந்தயத்துக்கான பேட் ஊர்ச் சாலைக்கு ஆகுமா?

ஆகாது!

பந்தய வீரர் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். அவருடைய பேட்கள் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொதிப்பில்தான் அவை நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது அவற்றின் பிடி குறைவு.

ஏழாயிரம்பண்ணையில் நடப்பது என்ன? காலையில் வேலைக்குப் போகிறவர் வண்டியை எடுக்கிறார். பின்னால் மனைவி. முன்னால் பிள்ளை. தெருமுனை திரும்பியதும் ஒரு கோழியோ, ஓர் ஆடோ, பள்ளிக்கு ஓடும் ஒரு சிறுமியோ குறுக்கே வரலாம். அது அன்றைக்கு முதல் பிரேக். டிஸ்க் பச்சைத் தண்ணீர் போல் குளிர்ந்திருக்கிறது. அந்த முதல் பிடியில் பிடிக்காத பேட், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாக இருந்தால் என்ன?

வண்டி மாட்டைப் பந்தயத்துக்கு விட்டால் தோற்கும். பந்தயக் குதிரையை ஏரில் பூட்டினாலும் காரியம் கெடும். ஊர்ச் சாலைக்கு வேண்டியது, குளிரிலும் பிடிக்க வேண்டும். பத்துத் தடவை தொடர்ந்து மிதித்தாலும் சோரக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நல்ல தேர்வு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயர்! டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிதான் கடைசி எல்லை. இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தை இறுக்கி நிறுத்தும் அளவுக்குப் பலமாக இருந்தால், அதைவிடப் பலமான பேட்களைப் போட்டு ஒரு தடவை நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை. டயர் வழுக்கும். அவ்வளவுதான். உயர்ந்த ரகப் பேட்களால் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு. அடுத்தடுத்துப் பல தடவை நிறுத்த வேண்டியிருக்கும்போது, முதல் தடவை பிடித்தது போலவே பத்தாவது தடவையும் பிடிக்கும். அந்த லாபம் யாருக்குத் தேவை? சுமை ஏற்றுகிறவருக்கு. மலை இறங்குகிறவருக்கு. நெரிசலில் நின்று நின்று ஓட்டுகிறவருக்கு.

தேய்ந்து வழவழப்பான டயரை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த பேட் வாங்குகிறவர், ஓட்டைப் பானைக்கு வெள்ளி மூடி போடுகிறவர் ஆவார்.

ஓட்டை போட்ட டிஸ்க்

மோட்டார் சைக்கிள் டிஸ்கில் ஓட்டைகள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சிலர், "ஓட்டை அதிகமானால் பிடி அதிகம்" என்று நினைக்கிறார்கள். இது தவறு.

ஓட்டைகள் எதற்கு? மழை நீர் வழியவும், எடை குறையவும், சூடு தணியவும் உதவுகின்றன. அவற்றை எங்கே போடுவது, எத்தனை போடுவது என்று தொழிற்சாலையில் கணக்குப் பார்த்துப் போடுகிறார்கள். பட்டறையில் கொடுத்துப் புதிதாகத் துளை போட்டால் என்ன ஆகும்? சூடேறுவதும் குளிர்வதுமாக இருக்கும் தட்டில், துளையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். ஒருநாள் தட்டே உடையலாம்.

கார் டிஸ்கில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய வகையும் உண்டு. அது பேட்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும். பந்தயத்துக்கு நல்லது. வீட்டுக் காருக்குப் போட்டால் பேட் சீக்கிரம் தேயும். சத்தமும் கேட்கும்.

அப்படியானால் சூட்டைத் தாங்க எது உதவும்? கனமான தட்டு. காற்று உள்ளே புகுந்து வெளியேறும் இடைவெளி உள்ள இரட்டைத் தட்டு. அடிகனமான பாத்திரம் சீக்கிரம் அடிப்பிடிக்காது என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். தட்டும் அப்படித்தான். தேய்ந்து மெலிந்த டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும். இதற்கு மேல் தேயக் கூடாது என்ற குறைந்தபட்சத் தடிப்பைப் பல டிஸ்குகளின் மேலேயே பொறித்திருப்பார்கள். மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால், என்ன விலை உயர்ந்த பேட் போட்டாலும் வீண். முதலில் டிஸ்கை மாற்ற வேண்டும்.

பெரிய டிஸ்க் போட்டால் பிடி கூடும் என்பது உண்மைதான். ஆனால் முன் சக்கரத்தின் பிடி மட்டும் கூடினால், முன்னும் பின்னும் இருந்த சமநிலை கெடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இன்னொரு தொல்லை. சக்கரம் எத்தனை வேகமாகச் சுற்றுகிறது என்று அளக்கும் பல் வளையம் பல வண்டிகளில் டிஸ்க்கோடு சேர்ந்திருக்கும். அதன் இடைவெளி மாறினால் ஏ.பி.எஸ். வேலை செய்யாமல் போகலாம்.

கொதிக்கும் எண்ணெய்

பேட், டிஸ்க் என்று பேசுகிறவர்கள் மறந்துபோகும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் பிரேக் ஆயில்.

காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ஆயில்தான். இதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 4' என்ற வகை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். 'டாட் 3' வகை புதிதில் 205 டிகிரி. ஈரம் ஏறினால் 140 டிகிரி.

கொதித்தால் என்ன? உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழை அழுத்தினால் அது சுருங்கும். அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரை வரை போகும். வண்டி நிற்காது!

ஓட்டுகிறவர் இரண்டு அடையாளங்களை நினைவில் வைக்க வேண்டும். பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட்கள் சூட்டில் சோர்ந்துவிட்டன. பெடல் பஞ்சு போல் அமுங்குகிறது என்றால் ஆயில் கொதித்திருக்கலாம்; அல்லது குழாயில் காற்றோ கசிவோ இருக்கலாம். எதுவானாலும் ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் மறு வேலை.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது. மூடியின் மேல் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதையே ஊற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பந்தய பேட் வாங்கும் பணத்தில் பலமுறை ஆயில் மாற்றலாம்!

மலை இறங்கும்போது

கரிசல் பூமி சமதரை. ஆனால் அங்கிருந்து கிளம்பும் வண்டிகள் சமதரையிலேயே ஓடுவதில்லை. கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல். கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலை. பட்டாசு ஏற்றும் லாரிகளோ வடநாடு வரை போய் வருகின்றன.

முன்பு சொன்ன 3,000 கிலோ வேன் 300 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடாமல் பிரேக்கை மட்டுமே பிடித்துக்கொண்டு இறங்கினால், பிறக்கும் சூடு 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஓர் அண்டாத் தண்ணீர்! கொடைக்கானல் உயரமோ 2,000 மீட்டருக்கு மேல். எந்த பேட் இதைத் தாங்கும்?

எனவேதான் மலையில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அப்போது சுமையில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும்.

டீசல் மிச்சம் பிடிக்க எண்ணி, கியரை விலக்கிவிட்டு வண்டியை உருள விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகள் விபத்துக்குள்ளாவதைச் செய்தித்தாள் படிக்கிறவர்கள் அறிவார்கள். அந்த இறக்கத்தில் கியரை விலக்குவது எமனுக்குச் சீட்டு அனுப்புவது போன்றது. மிச்சம் பிடித்த டீசலுக்கு உயிரை விலையாகக் கொடுக்க நேரும்.

பட்டாசு ஏற்றிய வண்டிக்கு ஆபத்து இரட்டிப்பு. ஒரு சக்கரத்தின் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்தால் டிரம் கொதிக்கும். டயரில் தீப்பிடிக்கவும் கூடும். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்து இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. தீயின் கொடுமையை அந்த வட்டாரம் மறந்திருக்காது. ஆலைக்குள் ஒரு பொறி பறக்கக் கூடாது என்று எத்தனை காவல்! அதே சரக்கு சாலையில் போகும்போதும் அந்தக் காவல் வேண்டாமா? கருகல் வாடை வந்தாலே வண்டியை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஓட்டம் அதிகம். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. நனைந்த டிஸ்க் முதல் பிடியில் தயங்கும். கரிசல் மண் சேறாகிச் சாலையில் அப்பிக் கிடக்கும். பேட்களைப் பரிசோதிக்க வேண்டிய மாதம் தீபாவளி மாதம் அல்ல. அதற்கு முந்திய மாதம்!

சட்டம் என்ன சொல்கிறது?

2022-ம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது.

இந்தச் சாவுகளைக் குறைக்கத்தான் 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி முழுமையாக அமலுக்கு வந்தது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது இரு சக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடாவது வேண்டும். சிறிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். வேண்டும் என்ற வரைவு விதியை 2025 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது.

ஏ.பி.எஸ். என்ன செய்கிறது? பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் அடியோடு பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. வண்டி வழுக்கி விழாமல் நிற்க இது உதவும். இளைஞர்கள் தேடி அலையும் பாதுகாப்பு, பெரும்பாலும் அவர்கள் வாங்கிய வண்டியிலேயே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்!

தேய்ந்த பேட்களுக்குப் பதிலாக அதே வண்டிக்கு உரிய நல்ல பேட்களைப் போடுவது பராமரிப்பு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பெரிய டிஸ்க், வேறு வண்டியின் காலிப்பர் என்று மாட்டுவதற்கு முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எதை முதலில் வாங்குவது?

கையில் இருக்கும் பணம் கொஞ்சம். அதை எந்த வரிசையில் செலவழிப்பது?

1. முதலில் டயர். பொத்தான்கள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். காற்று சரியாக இருக்க வேண்டும்.

2. அடுத்தது பிரேக் ஆயில். இரண்டு ஆண்டு ஆகிவிட்டதா? மாற்ற வேண்டும்.

3. மூன்றாவது, காலிப்பர். அழுக்கேறி இறுகிப் போயிருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.

4. நான்காவது, பேட். வண்டிக் கம்பெனியோ, பெயர் பெற்ற பிரேக் கம்பெனியோ அந்த வண்டிக்கென்றே செய்தது. சுமையும் மலையும் உண்டென்றால் சூடு தாங்கும் ரகம்.

5. ஐந்தாவதுதான் டிஸ்க். மெலிந்திருந்தால், கோணியிருந்தால், விரிசல் கண்டிருந்தால் அதே அளவில் புதிது.

வாங்கும்போது பில் கேட்க வேண்டும். போலிச் சரக்குக்குப் பில் இருக்காது. பல பேட்களின் மேல் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடியைக் காட்டும். இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் உள்ள பிடியைக் காட்டும். 'இ' என்பதைவிட 'எப்' பிடி அதிகம். 'எப்' என்பதைவிட 'ஜி' பிடி அதிகம். முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து தாழ்ந்திருந்தால், சூடேறியதும் பிடி குறையும் என்று பொருள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிடி ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

புது பேட் போட்டதும் பறக்கக் கூடாது. தட்டும் கட்டையும் ஒன்றோடொன்று படிய வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், மிதமான வேகத்திலிருந்து மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, இருபது முப்பது தடவை இப்படிச் செய்தால் படியும். அதுவரை முழுப் பிடியை எதிர்பார்க்கக் கூடாது.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பது பழமொழி. பளபளக்கும் டிஸ்க் அகல உழுவது. தேய்ந்த டயரையும் பழைய ஆயிலையும் மாற்றுவது ஆழ உழுவது. வேகமாக ஓடத் தெரிந்த வண்டிகள் தெருவெல்லாம் இருக்கின்றன. மாலையில் வேலை முடிந்து வரும் அம்மாவையும் அப்பாவையும் வாசலில் எதிர்பார்த்து நிற்கும் பிள்ளைகளுக்கு வேண்டியது, நிற்கத் தெரிந்த வண்டி.